ஆகதாவிடம் யாருடைய கேள்வியைக் கேட்பது?

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டம்) நடத்தி வருகிறேன். 2014-இல் வந்த ஸ்டார்ட்டர் செட் என்ற தொடக்கப் பெட்டியில் உள்ள ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ சாகசத்தை எடுத்துக்கொண்டு, நண்பர்கள் சொந்தமாக உருவாக்கிய பாத்திரங்களோடு தொடங்கினோம். பாலடின் (சத்தியம் ஏற்ற வீரன்) ஆடுபவர் பன்னிரண்டு பக்கத்துக்குப் பின்கதை எழுதித் தந்தார். அதில் நெவர்விண்டர் நகரில் காணாமல்போன தம்பி ஒருவன் வருகிறான். அவனைத் தேடுவதற்காகவே ஃபாண்டலின் ஊரை விட்டு எல்லோரையும் நெவர்விண்டருக்கு அழைத்துச்சென்று மூன்று அமர்வுகளைச் செலவிட்டேன். மற்ற நால்வரும் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். முடிவில், தம்பி தன் குடும்பத்தையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒரு சிறைக் காவலர் வாயிலாகச் சொன்னேன். பாலடின் ஆடுபவர், “என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்” என்று சொல்லிவிட்டு அன்று முழுவதும் பேசவில்லை. இப்போது ஃபாண்டலினுக்குத் திரும்பிவிட்டோம். டிரெசெண்டார் மாளிகைக்குள் இன்னும் நுழையவில்லை. ரோக் என்ற திருடி, ரெட்பிராண்ட்ஸ் கும்பலால் ஏமாற்றப்பட்டவள். விசார்ட் என்ற மந்திரவாதியின் பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவருக்கு வேறு யாருமில்லை. வார்லாக் (ஒரு மாய சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திர ஆற்றல் பெற்றவர்) ஆடுபவர் இரண்டே வரி எழுதினார்: ஒப்பந்தம் செய்தது நினைவிருக்கிறது, யாரோடு என்பது நினைவில்லை. ஃபைட்டர் என்ற போர்வீரரை ஆடுபவருக்குப் பின்கதையே வேண்டாமாம். எல்லோருக்கும் தனிக்கதை அமைத்துத் தர ஆசைப்படுகிறேன். மையக்கதை சிதையாமல் அதை எப்படிச் செய்வது? முடிவை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டுமா? பாத்திரம் இறந்துவிட்டால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

ஒரு நண்பரின் பன்னிரண்டு பக்கங்களை முழுவதும் படித்து, அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கிய டன்ஜன் மாஸ்டரின் (ஆட்டத்தை நடத்துபவரின்) அக்கறையைப் பற்றி எனக்கு எந்த ஐயமும் இல்லை. அந்த அக்கறை போய்ச் சேர்ந்த இடம்தான் சிக்கல். தனிக்கதை என்பது பாத்திரத்துக்கு முன்பு நடந்தவற்றின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆகவே அதைத் தேடி எல்லோரையும் வேறோர் ஊருக்கு அழைத்துச்சென்றீர்கள், அங்கே விடையையும் நீங்களே சொன்னீர்கள். விளையாட்டுகளுக்குக் கதை வடிவமைப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடியது இதுதான்: தனிக்கதை என்பது விடை தெரியாத ஒரு கேள்வி. அது மற்ற நால்வரும் ஏற்கெனவே நிற்கும் இடத்தில் எழ வேண்டும். அதற்கு விடை சொல்லும் உரிமை அந்தப் பாத்திரத்தை ஆடுபவருக்கே இருக்க வேண்டும். இந்த ஆலோசனை முழுவதும் இதைச் செய்து காட்டும் வழிகளைப் பற்றியதுதான். (இந்தச் சாகசத்தை ஆட்டக்காரராக இனிமேல்தான் ஆடப்போகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது, இதில் உள்ள ரகசியங்கள் சிலவற்றை வெளிப்படையாகப் பேசப்போகிறேன்.)

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது அது போர்க்கள ஆட்டங்களின் வழியில் வந்த ஒன்றாகவே இருந்தது. ஒரு பாத்திரத்துக்குப் பெயரும், ஆறு ஆற்றல் எண்களும், கையில் கொஞ்சம் பொற்காசும் இருந்தால் போதும்; அது எப்படிப்பட்ட ஆள் என்பது நிலவறைக்குள் இறங்கிய பிறகு தெரியவந்தது. பின்னால் வந்தவர்கள் பாத்திரத்தின் உள்ளத்தையும் தாளில் எழுத முயன்றார்கள். 1985-இல் கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கிய பென்டிராகன் ஆட்டத்தில் வீரனின் குணங்கள் எதிரெதிர் இணைகளாக எழுதப்பட்டு எண் பெறுகின்றன; தலைவன்மீதான விசுவாசமும் குடும்பப் பாசமும் பகைமையும்கூட அப்படியே எண் பெற்று, நெருக்கடியில் இருபது முகப் பகடையால் சோதிக்கப்படுகின்றன. லூக் கிரேனின் பர்னிங் வீல், 2002-இல், தன் பாத்திரம் எதை நம்புகிறது, அதற்காக என்ன செய்யப்போகிறது என்பதைச் சில வாக்கியங்களில் ஆட்டக்காரரே எழுதிவைக்கச் சொன்னது. நடத்துபவரின் வேலை அந்த வாக்கியங்களைச் சோதிப்பது. நீங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பின் பாத்திரத் தாளிலும் இலட்சியம், பிணைப்பு, குறை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. இவை எல்லாமே நாளை அந்தப் பாத்திரத்தை எது அசைக்கும் என்று கேட்கின்றன. நேற்று என்ன நடந்தது என்பதை அந்த அளவுக்கு மட்டுமே கேட்கின்றன. பன்னிரண்டு பக்கம் எழுதியவரிடமும் இரண்டு வரி எழுதியவரிடமும் நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒன்றையே.

அதை எழுத்தில் கேட்காதீர்கள். ஒவ்வொருவரோடும் தனியாகக் கால் மணி நேரம் பேசுங்கள். உயிரோடு இருப்பவர்களில் யாரை நேருக்கு நேர் பார்க்க உங்கள் பாத்திரம் தயங்கும்? யாருக்காவது கொடுத்து இன்னும் நிறைவேற்றாத வாக்கு ஏதாவது உண்டா? எதைக் கேட்டால் பணமும் புகழும் வேண்டாம் என்று எழுந்து போய்விடும்? இந்த மூன்றில் ஒன்றுக்காவது முகம் மாறும்; எழுதிக்கொள்ள வேண்டியது அந்த இடத்தைத்தான். கூடவே, கதையில் எதைத் தொடவே கூடாது என்றும் கேட்டுவிடுங்கள். உங்கள் பாலடின் நண்பரின் மௌனத்துக்குக் காரணம் கதை பிடிக்காமல் போனதாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை. உடன்பிறந்தவரின் துரோகம் என்பது சிலருக்கு வீட்டில் நடந்த விஷயமாக இருக்கலாம். தொடக்கத்திலேயே எல்லைகளைப் பேசிவைக்கும் பழக்கமும், ஆட்டத்தின் நடுவே யாரும் காரணம் சொல்லாமல் ஒரு காட்சியை நிறுத்தச் செய்யும் எக்ஸ் கார்டு என்ற அட்டையும் இப்போது பல மேசைகளில் இருக்கின்றன. உங்கள் மேசையிலும் அவை இருக்கட்டும்.

அப்படிக் கிடைத்ததைக் கேள்வியாக மாற்றும்போது ஒரு கவனம் தேவை. ‘தம்பி எங்கே இருக்கிறான்?’ என்பது தகவலைக் கேட்கும் கேள்வி. விடை உங்களிடம் இருக்கிறது, ஆட்டக்காரர் காத்திருக்கிறார், நீங்கள் சொன்னதும் கதை முடிந்துவிடுகிறது. நெவர்விண்டரில் நடந்தது அதுதான். ‘தம்பியை மீட்பதற்காக நான் எடுத்த சத்தியத்தை மீறுவேனா?’ என்பது வேறு வகை. உங்கள் பாலடின் பக்தி நெறிச் சத்தியத்தை ஏற்றவர் என்றால், பொய் சொல்லாமையும் ஏமாற்றாமையும் அதன் முதல் கட்டளை. தம்பியை அடைய ஒரு பொய் சொன்னால் போதும் என்ற நிலைமையை அவர் முன்னால் வைத்துப் பாருங்கள். அவர் என்ன செய்வார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இதுவே என் பதில்: முடிவை எழுதிவைக்க வேண்டாம், நிலைமையை எழுதிவையுங்கள். எழுதிவைத்த கேள்விக்கு ஒரே ஒரு விடைதான் உங்களுக்குத் தோன்றுகிறது என்றால், கேள்வியை மாற்றுங்கள்.

அடுத்தது இடம். உங்கள் பெட்டியிலேயே இதற்கு மிக நல்ல பாடம் இருக்கிறது. அதோடு வரும் ஐந்து ஆயத்தப் பாத்திரத் தாள்களை மீண்டும் எடுத்துப் பாருங்கள். வில்லாளியின் பெற்றோர் தண்டர்ட்ரீ கிராமத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே இப்போது குடியேறியிருக்கும் டிராகனை விரட்டுவது அவருடைய நோக்கம். திருடரான ஹாஃப்லிங்குக்கு (சிற்றுருவ இனத்தவர்) ரெட்பிராண்ட்ஸ்மீது தீராத பகை. எல்ஃப் விசார்ட் கிராக்மா கோட்டையில் கெடுக்கப்பட்ட ஒரு பலிபீடத்தைப் புனிதப்படுத்த விரும்புகிறார். மூன்று தனிக்கதைகள், ஒன்றுக்காகக்கூட டன்ஜன் மாஸ்டர் புதிதாக ஓர் இடத்தை உருவாக்க வேண்டியதில்லை, ஏனென்றால் அந்த இடங்களுக்கு எல்லோரும் எப்படியும் போகிறார்கள். கட்டப்பட்டிருக்கும் நோக்கங்கள் எளிமையானவைதான், ஆனால் கட்டியிருக்கும் விதம் மிகத் தேர்ந்தது. புதிதாகத் தனிக்கதை அமைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எப்போதும் இந்த ஐந்து தாள்களைத்தான்.

உங்கள் ரோக்கிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அவளுடைய கதை அடுத்த அமர்விலேயே வாசலில் நிற்கிறது. டிரெசெண்டார் மாளிகையின் அடியில் ரெட்பிராண்ட்ஸின் மறைவிடம் இருக்கிறது. தலைவன் கிளாஸ்டாஃப். அவனுடைய உண்மைப் பெயர் இயார்னோ ஆல்பிரெக். ஊரில் ஒழுங்கை நிலைநாட்ட லார்ட்ஸ் அலையன்ஸ் என்ற கூட்டணி அனுப்பிய ஆளே கும்பலின் தலைவனாகிவிட்டான் என்பதும், அவனைத் தேடித்தான் சில்டார் ஹால்விண்டர் ஃபாண்டலினுக்கு வந்திருக்கிறார் என்பதும் உங்களுக்குத் தெரியும். இயார்னோவின் அறையில், மையக்கதையின் எதிரியான பிளாக் ஸ்பைடர் அவனுக்கு அனுப்பிய ஒரு கடிதம் கிடைக்கும். ஊருக்கு வரும் அந்நியர்களைத் தடுக்கவும், குள்ளர்களின் வரைபடம் ஏதாவது சிக்கினால் அனுப்பிவைக்கவும் அது கட்டளையிடுகிறது. மையக்கதைக்கு இன்றியமையாத தாள் அது. அதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேருங்கள்: ‘நீ கைவிடச் சொன்ன அந்தப் பெண் உயிரோடு இருப்பதாகக் கேள்விப்படுகிறேன், அவளை உன்னிடம் காட்டிக்கொடுத்தவனுக்குப் பேசிய கூலியைக் கொடுத்துவிடு.’ கடிதத்தை எடுத்து உரக்கப் படிப்பவர் விசார்டாகவோ ஃபைட்டராகவோ இருக்கலாம். அந்த வரி வந்ததும் மேசையில் இருக்கும் எல்லோரும் ரோக் ஆடுபவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். கூடுதலாகச் செலவானது அரை நிமிடம். காட்டிக்கொடுத்தவன் யார், அவனை என்ன செய்வது என்ற கேள்வி இனி ஐந்து பேருக்கும் உரியதாகிவிடுகிறது.

அதோடு நிற்காமல் இன்னொரு முடிச்சையும் போடுங்கள். சில்டாருக்கு இயார்னோ உயிரோடு வேண்டும். ரோக்குக்கு அவன் எப்படி வேண்டும் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். சத்தியம் ஏற்ற பாலடின், கைதியை ஒப்படைப்பதாக சில்டாரிடம் முன்பே வாக்குக் கொடுத்திருந்தால், மாளிகையின் அடித்தளத்தில் இரண்டு நண்பர்கள் ஒரு கைதியின் இருபுறமும் நின்று பேச வேண்டிவரும். தனிக்கதைகளில் எனக்கு மிகவும் பிடித்த தருணம் இத்தகையது: இரண்டு பாத்திரங்களின் கேள்விகள் ஒரே ஆள்மீது வந்து மோதுகின்றன, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மற்ற மூவரும் யார் பக்கம் நிற்பது என்று யோசிக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே ஐந்து பேருக்கு ஐந்து தனிக்கதைகள் என்று கணக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு கதையும் வேறு ஒருவருடைய கதையை ஓரிடத்திலாவது தொடுமாறு அமையுங்கள். நண்பர்கள் கைப்பேசியை எடுத்ததற்கு அந்தக் கதையில் அவர்கள் செய்ய ஒன்றுமில்லை என்பதே காரணம். பொறாமையும் அல்ல, அக்கறையின்மையும் அல்ல.

இனி ஆகதாவிடம் வருவோம். உங்கள் கேம்பெயின் (தொடர் ஆட்டம்) முழுவதிலும் தனிக்கதைக்கு இவ்வளவு பொருத்தமான இடம் வேறு இல்லை. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபாண்டலினில் டைமோரா ஆலயத்தைக் கவனித்துவரும் சிஸ்டர் கேரேல், கோன்யபெரி என்ற பாழடைந்த ஊருக்கு அருகே வாழும் ஆகதா என்னும் பான்ஷீயிடம் (இறந்த பெண்ணின் ஆவி) போய்வரச் சொல்வார். மரியாதையோடு அணுகி, வெள்ளிச் சீப்பைப் பரிசாகக் கொடுத்தால், ஆகதா ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்வாள். கேரேல் கேட்டுவரச் சொல்வது போஜென்டில் என்ற மந்திரவாதியின் மந்திரநூல் எங்கே என்பதை. ஓல்ட் ஆவுல் வெல்லில் தங்கியிருக்கும் ஹாமுன் காஸ்ட் என்ற மந்திரவாதியைச் சந்தித்தால், அவனும் அங்குள்ள கோபுரத்தைக் கட்டியவரின் பெயரை ஆகதாவிடமே கேட்டுவரச் சொல்வான். ஒரு கேள்விக்கு இரண்டு பேர் போட்டியிடும் நிலைமையைச் சாகசத்தை எழுதியவர்களே தொடங்கிவைத்திருக்கிறார்கள். நீங்கள் அதை விரிவாக்கினால் போதும். பாலடினுக்குத் தம்பியைப் பற்றிக் கேட்க வேண்டும். வார்லாக்குக்குத் தான் யாரோடு ஒப்பந்தம் செய்தோம் என்று கேட்க வேண்டும். விசார்டுக்குப் பெற்றோரைப் பற்றி. கேரேலுக்குக் கொடுத்த வாக்கு ஒருபுறம் இருக்கிறது. இறந்துபோன ஒரு பெண்ணின் முன்னால், கையில் ஒரு சீப்போடு நிற்கும் ஐவரும் ஒருவருடைய கேள்வியைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இதைச் சரியாக நடத்த, ஒரே ஒரு கேள்விதான் என்பதை அவர்கள் ஊரிலேயே அறிந்திருக்க வேண்டும். கேரேல் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். கோன்யபெரிக்குப் போகும் வழியெல்லாம் அவர்கள் அதைப் பேசிக்கொண்டே நடப்பார்கள், அந்த வழிநடைப் பேச்சு ஆகதாவின் விடையைவிட மதிப்புள்ளது. அங்கே போன பிறகே தெரிவித்தால் அது பொறியாகிவிடும். நீங்கள் எந்தக் கேள்வி வந்தாலும் தயாராக இருக்க, ஒவ்வொன்றுக்கும் மூன்று வரியில் ஒரு விடையை எழுதிவையுங்கள். அந்த விடை உண்மையாக இருக்க வேண்டும்; தேடலை முடித்துவைக்காமல், வரைபடத்தில் உள்ள ஓர் இடத்தையோ உயிரோடு இருக்கும் ஓர் ஆளையோ சுட்ட வேண்டும். பாலடினுக்கு, ‘உன் தம்பி கடைசியாக மனமறிந்து பேசியது தண்டர்ட்ரீயில் வாழும் ஒருவரோடு’ என்பதுபோல. கேட்கப்படாத கேள்விகளின் விடைகளை அடுத்த வாரமே வேறு வழியில் இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் தேர்ந்தெடுத்ததற்கு அர்த்தமே இல்லாமல் போகும். அதற்காக அந்தக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிடவும் வேண்டாம். தன் கேள்வியை விட்டுக்கொடுத்தவர் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு அவருடைய தருணம் வரும்போது, இன்று பயன்பெற்றவர் முன்வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். அதை நீங்கள் தூண்டவே தேவையிருக்காது.

விசார்டைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெற்றோர் இறந்துவிட்டார்கள், வேறு யாருமில்லை என்ற பின்கதை எல்லா மேசைகளிலும் வந்துகொண்டேயிருக்கிறது. பலரும் இதைச் சோம்பல் என்று எண்ணுகிறார்கள். நான் அப்படி நினைப்பதில்லை. முன்பு வேறொரு மேசையில், தான் நேசித்த உறவினர் பாத்திரத்தை டன்ஜன் மாஸ்டர் பிணைக்கைதியாகவோ பிணமாகவோ ஆக்கியதைப் பார்த்தவர், அடுத்த முறை யாரையும் மிச்சம் வைக்காமல் எழுதுகிறார். அது ஒரு தற்காப்பு. ஆகவே, அவருக்கு உறவினர் ஒருவரைக் கொடுத்தால், அந்த உறவினரை ஆபத்துக்குள்ளாக்க மாட்டேன் என்று சொல்லியே கொடுங்கள். பிறகு கேளுங்கள்: பெற்றோர் போன பிறகு எழுத்துக் கற்றுக்கொடுத்தது யார்? பெற்றோர் பாதியில் விட்டுப்போன வேலை எது? அவர்கள் குள்ளர்களும் நோம்களும் செய்துகொண்ட பழைய ஃபான்டெல்வர் உடன்படிக்கையை ஆராய்ந்துவந்தவர்கள் என்று அவரே சொன்னால், சாகசத்தின் தலைப்பில் வரும் சுரங்கமான வேவ் எக்கோ குகையில் இருக்கும் மந்திர உலைக்களம் அவருடைய வீட்டுச் சொத்துபோல ஆகிவிடும். சொல்லாவிட்டால் நீங்கள் அதை ஒரு யோசனையாக முன்வைத்து அவருடைய ஒப்புதலைப் பெறலாம். ஒப்புதல் இல்லாமல் ஒருவருடைய இறந்த பெற்றோரைப் பற்றி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

வார்லாக்கின் இரண்டு வரிகள் உங்களுக்குப் போதாமல் தோன்றலாம். எனக்கு அவை ஐந்து பின்கதைகளில் மிகச் சிறந்ததாகத் தெரிகின்றன. கேள்வி அதிலேயே இருக்கிறது. ஒப்பந்தக்காரர் யார் என்பதை வெளிப்படுத்த அவசரப்படாதீர்கள். அவர் சிறு சிறு வேலைகளைக் கேட்கட்டும். முதலில் ஒரு மெழுகுவர்த்தியை அணைக்கச் சொல்லட்டும், பிறகு ஒரு கடிதத்தைப் படிக்காமல் எரிக்கச் சொல்லட்டும். அந்தக் கடிதம் இயார்னோவின் அறையில் கிடைத்த அதே கடிதமாக இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குகையை அடையும்போது அவர் கேட்பது அந்த உலைக்களத்தைப் பற்றியதாக இருக்கட்டும். அப்போது விசார்டின் கதையும் வார்லாக்கின் கதையும் ஒரே அறையில் சந்திக்கின்றன, பிளாக் ஸ்பைடர் என்று அழைக்கப்படும் நெஸ்னாரும் அதே குகையில்தான் இருக்கிறான்.

ஃபைட்டர் ஆடும் நண்பரை வற்புறுத்தாதீர்கள். வாரம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு, நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு கோப்ளினை வெட்டிவிட்டுப் போக விரும்புவது நேர்மையான ஆசை. அவருக்கு ஒரு நிலையான பங்கு கொடுங்கள்: மற்றவர்களின் கதைகளில் அவரிடம் கருத்துக் கேட்கும் ஆட்கள் இருக்கட்டும். இயார்னோவை என்ன செய்வது என்று பாலடினும் ரோக்கும் வாதாடும்போது, சில்டார் அவர் பக்கம் திரும்பி, “நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்கட்டும். கதையே வேண்டாம் என்றவர்கள் பலர், யாரோ ஒருவருக்காகத் தீர்ப்புச் சொன்ன பிறகு, அந்தத் தீர்ப்பிலிருந்து தங்கள் பாத்திரத்தைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கண்டெடுக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை.

நேரப் பங்கீட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஓர் அமர்வில் ஒருவருடைய கதை முன்னால் வரட்டும், இன்னொருவருடையது ஒரு வரியில் தொட்டுப் போகட்டும், அது போதும். ஒருவர் மட்டும் பேசும் காட்சி பத்து நிமிடத்தைத் தாண்டினால் மற்றவர்களை உள்ளே கொண்டுவர ஏதாவது வழி செய்யுங்கள். கதவைத் தட்டும் ஓர் ஆள் போதும். யாருடைய கதை எப்போது முன்னால் வந்தது என்பதை ஒரு நோட்டில் குறித்துவைத்தால், மூன்று வாரமாக யாருக்கு எதுவும் வரவில்லை என்பது தானாகத் தெரியும்.

தம்பியின் கதையைச் செப்பனிட முடியும். ‘நடந்ததை மறந்துவிடுவோம்’ என்று அழித்துவிடுவதும் சரியில்லை, எதுவும் நடக்காததுபோல் தொடர்வதும் சரியில்லை. அந்த நண்பரிடம் ஆட்டத்துக்கு வெளியே பேசி, தம்பியைப் பற்றி அவர் மனத்தில் இருந்தது என்ன என்று கேளுங்கள். உங்கள் கடிதப்படி, துரோகம் என்ற செய்தி ஒரு சிறைக் காவலரின் வாய்ச்சொல் மட்டுமே. அவர் பொய் சொல்லியிருக்கலாம், பாதியைத்தான் அறிந்திருக்கலாம். தம்பி உண்மையிலேயே காட்டிக்கொடுத்து, அதற்கு நண்பர் ஏற்றுக்கொள்ளக்கூடிய ஒரு காரணமும் இருந்திருக்கலாம். இவற்றில் எது உண்மை என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், அல்லது தெரியாமலேயே வைத்து ஆடிப் பார்க்க விரும்பினால் அதையும் அவரே சொல்லட்டும். “என் தம்பி அப்படிச் செய்ய மாட்டான்” என்பது உங்கள் மேசையில் இதுவரை ஒருவர் தன் பாத்திரத்தின் வாயால் சொன்ன மிக வலுவான வாக்கியமாக இருக்கக்கூடும். அது பாலடினின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைச் சோதிக்கும் நிலைமைகளை அமைப்பது உங்கள் வேலை. அதைப் பொய்யாக்குவது உங்கள் வேலை அல்ல.

பாத்திரம் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரை செல்லும் இந்தச் சாகசத்தில், குறிப்பாகத் தொடக்க நிலைகளில், அது எளிதில் நடக்கக்கூடியதே. தனிக்கதை இருக்கிறது என்பதற்காகப் பகடையை மறைத்து உருட்டி ஒருவரைக் காப்பாற்றத் தொடங்கினால், ஆபத்து என்ற உணர்வே மேசையை விட்டுப் போய்விடும், அதைச் செய்யாதீர்கள். பென்டிராகன் இதற்கு ஓர் அழகிய வழியை வைத்திருக்கிறது: அங்கே ஆட்டம் தலைமுறைகளைத் தாண்டிச் செல்கிறது, வீரன் இறந்தால் அவனுடைய வாரிசு நிலத்தையும் பகையையும் ஏற்றுக்கொண்டு வருகிறான். உங்கள் ஆட்டத்தில் வாரிசு இருக்க வேண்டியதில்லை. இரண்டு கதைகளை ஒன்றோடொன்று தொடுமாறு அமைத்திருந்தால், இறந்தவரின் கேள்வி உயிரோடு இருப்பவர் ஒருவரின் கையில் ஏற்கெனவே இருக்கும். பாலடின் வீழ்ந்தால், தம்பியிடம் அந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவர் ரோக். புதிய பாத்திரத்தோடு வரும் நண்பர் எங்கே நுழைவது என்று திணறவும் தேவையில்லை. அந்தத் தம்பியாகவே அவர் வரலாம்.

ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் அந்தத் தனிக்கதையை அங்கேயே முடியுங்கள். ரோக் இயார்னோவை ஒப்படைத்தாலும் சரி, விட்டுவிட்டாலும் சரி, கத்தியை எடுத்தாலும் சரி, அவள் முடிவெடுத்த பிறகு அவனுக்கு ஓர் அண்ணனையும் அந்த அண்ணனுக்கு ஒரு கும்பலையும் உருவாக்கி நீட்டிக்கொண்டே போக வேண்டாம். அந்த அமர்வு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, அவளை ஆடுபவரிடம் பாத்திரத் தாளில் உள்ள பிணைப்பு என்ற கட்டத்தை அழிக்கச் சொல்லி, இப்போது அதில் என்ன எழுதப்போகிறீர்கள் என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் பரவாயில்லை.